கீரி வடிவும் ஒன்பது கட்டங்களும்

ஒரு காட்டில், விடிவதற்கு முன்பே ஆபீஸ் வாசலில் வரிசை நின்றுவிடும் ஒரு காட்டில், வடிவு என்றொரு கீரி இருந்தது. முந்தின நாள் மழையில் மண் சரிந்து அதன் வளைக்கு முன்னால் பெரும் பள்ளம் விழுந்துவிட்டது. அடியில் புதைசேறு. கண் திறக்காத மூன்று குட்டிகள் அந்தப் பக்கம். பால் கட்டிய மடியோடு வடிவு இந்தப் பக்கம்.

பாலம் போட மரம் வெட்ட வேண்டும். மரம் வெட்ட அனுமதி வேண்டும். குமாஸ்தா ஆமை ஒரு படிவத்தை நீட்டியது. ‘பள்ளத்தின் அகலம்’ என்ற இடத்தில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாதாம்.

அளக்கக் குரங்கு வந்தது. இந்தக் கரையில் நின்றபடியே ஒரு கண்ணை மூடி, வாலை நீட்டிப் பார்த்தது.

“ஏழு வால் இருக்கும்.”

“ஒரு வால் எவ்வளவு?” என்றது ஆமை.

“மூணு வால் சேர்ந்தா சுமாரா பத்தடி. காலையில கொஞ்சம் சுருங்கியிருக்கும்.”

ஆமை கால்குலேட்டரைத் தட்டி, ஏழைப் பத்தால் பெருக்கி, வந்த எழுபதை மூன்றால் வகுத்தது. 23.3333333 என்று திரை நிறைய வந்தது. ஒன்பது கட்டங்களும் நிரம்பின. ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது.

வடிவு படிவத்தை எட்டிப் பார்த்தது. “ஐயா, கண்ணால பாத்த கணக்குதானே? இருபத்திமூணும் இருக்கலாம், இருபத்தஞ்சும் இருக்கலாம். முப்பதடியா வெட்டிடுங்களேன். மிச்சம் கரையில கிடந்துட்டுப் போகுது.”

“புள்ளிக்குப் பின்னால ஏழு மூணு நிக்குதே, அதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டச் சொல்றே?”

“அதெல்லாம் மிஷின்ல இருந்து வந்த மூணுங்கய்யா. குரங்கு வாலுல இருந்து வரலியே!”

“பள்ளிக்கூடம் போகாதவ பேச்சைப் பாரு” என்று வரிசையே சிரித்தது.

மரங்கொத்தி மரத்தைச் சாய்க்க அரை மணி நேரம் ஆனது. ஆமை ஸ்கேல் பிடிக்க, அதைச் செதுக்கிச் செதுக்கி அந்தக் கடைசி மூன்றுக்குக் கொண்டுவர மத்தியானம் வரை ஆனது. அக்கரையில் குட்டிகள் கத்திக் கத்தி ஓய்ந்திருந்தன.

யானை மரத்தைத் தூக்கி வைத்தது. அக்கரையை எட்ட ஓரடி குறைந்தது. மரம் தலைகுப்புறச் சேற்றுக்குள் போய்விட்டது.

“ஐயோ, நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!” என்றது வடிவு.

ஆமை படிவத்தைப் புரட்டியது. மரங்கொத்தியை விசாரித்தது. பிறகு சொன்னது: “கணக்கு சரி. மரம் மயிரிழைகூடப் பிசகலை. பள்ளம்தான் அனுமதி வாங்காம ஓரடி கூடுதலா இருக்கு.”

பள்ளத்துக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். அது பதில் சொல்லவில்லை. கூடுதல் ஓரடியைத் தூர்க்கும்படி யானைக்கு உத்தரவு போனது. ஓரடி எவ்வளவு என்று யானைக்கு யார் சொன்னார்கள்? அது பாட்டுக்குப் பாறைகளை உருட்டித் தள்ள, பள்ளமே மூடிப்போயிற்று. வடிவு அதன் மேல் ஒரே ஓட்டமாய் ஓடிக் குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டது.

பின்னாலேயே மெதுவாக வந்த ஆமை, புதுப் படிவத்தில் 0.00000000 என்று எழுதி, ஒன்பதையும் நிரப்பியது. “பாத்தியா தாயி, துல்லியமா இருந்தா எல்லாம் வழிக்கு வரும்!”

பால் குடிக்கும் குட்டிகளைக் கலைக்க மனமில்லாமல் வடிவு தலையை ஆட்டிவைத்தது.

நீதி: குத்துமதிப்பாய் அளந்ததைப் புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம் வரை எழுதிவிடுங்கள், பொருந்தாவிட்டால் திருந்த வேண்டியது பூமிதான்.