சாப்பாட்டில் இறங்கிய பயம்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான். முன்பின்னாகச் சொன்னால் என் வீட்டுக்காரர் அசடாகிவிடுவார். இல்லாவிட்டால் நான் கெட்டிக்காரி ஆகிவிடுவேன். இரண்டுமே ஆபத்து.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஏறி இறங்கும் பத்து மாடி ஆழக் குழிக்குள் நின்று வேலை. மதியத்துக்குள் நான் நாலு முறை போன் போடுவேன். "ஏங்க, பத்திரமா இருக்கீங்களா?"

போன மாதம் அவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவிக் குழிக்குள் விழுந்தது. நல்லவேளை, யார் தலையிலும் இல்லை. அன்று மாலை ஒரு தீர்மானத்தோடு வந்தார்.

"சமைக்கிறவங்க மனசு சாப்பாட்டுல இறங்கும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அமைதியா சமைச்சா அது சாத்விகம். நீ பயந்து பயந்து கிண்டுறே. அதைத் தின்னுட்டுப் போய்த்தான் என் கை நடுங்குது."

"அய்யோ, அப்ப நான்தான் காரணமா?"

"பயத்தை விட்டுடு. அப்படியே போன் பண்றதையும் விட்டுடு."

அவர் குறி போன்மேல். நானோ நிஜமாகவே ஆடிப்போனேன். உப்பைக் குறைக்கலாம், காரத்தைக் குறைக்கலாம். மனசை எப்படிக் குறைப்பது?

"பயம் போற வரைக்கும் நான் அடுப்பைத் தொடமாட்டேங்க. உங்க உயிராச்சே! அமைதியான மனசு உங்களுதுதானே, நீங்களே சமைச்சிடுங்க."

அவர் சொன்ன சாஸ்திரமே அவரை அடுப்படிக்குத் தள்ளிவிட்டது.

மறுநாள் காலையில் அவரே சமைத்து, எனக்கு மூடி வைத்துவிட்டுப் போனார். பத்து மணிக்குப் போன்.

"அடுப்பை அணைச்சேனான்னு பாரு."

"அணைச்சிருக்கு."

பன்னிரண்டுக்கு மறுபடி. "சாப்பிட்டியா? சரியா வேகலையோன்னு இருந்துச்சு. வயிறு வலிக்குதா?"

"இல்லைங்க. எங்க நிக்கிறீங்க?"

"ஏழாவது மாடில. நிஜமா வலிக்கலையே?"

அன்று நான் ஒரு போன்கூடப் போடவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. இன்னொருவர் வயிற்றுக்குப் பொறுப்பேற்ற கைக்குப் பயம் தானாக வந்துவிடும்போல. இருபது வருடமாக அதை என் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் கரண்டியை நீட்டினார். "நீயே சமை, தாயே. உன் வயித்துக்கு ஒத்துக்கிச்சோ இல்லையோன்னு யோசிச்சுக்கிட்டே குழிக்குள்ள நின்னேன். கால் வழுக்கிடுச்சு."

எனக்கு உயிரே போய்விட்டது. மறுத்தால் அவருக்கு ஆபத்து. வாங்கினால், அடுத்த ஸ்பேனர் விழும்போது பழி என்மேல்.

யோசித்துக் கரண்டியை வாங்கிக்கொண்டேன். நறுக்குவதையும் அரைப்பதையும் அவரிடமே விட்டுவைத்தேன். இனி எது விழுந்தாலும் பாதி அவர் மனசு.