மாமனார் காரின் தண்ணீர் பம்பை நானே மாற்றினேன்

ஒரே வீடியோவை மூன்று முறை பார்த்துவிட்ட ஆண்மகனின் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்கவே கூடாது. பட்டுச் சொல்கிறேன், அந்த ஆண்மகன் நான்தான்.

என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மயிலாப்பூர்க்காரர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். இருபது வருடத்துப் பழைய கார். அது எனக்கா, என் சகலை எட்வினுக்கா என்பதுதான் அன்றைய குடும்பப் பிரச்சினை. இரண்டு மருமகன்களையும் உட்காரவைத்து ஒரு நிபந்தனை போட்டார்.

"கண்ணாடிக்குத் தண்ணி பீச்சுறது வேலை செய்யல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஃபாதர் வண்டிங்களை மந்திரிக்கிறார். அதுக்குள்ள யாரு சரி பண்றீங்களோ, அங்கயே சாவியக் குடுத்துடறேன்."

எட்வின் வாயைத் திறப்பதற்குள் (அவனுக்கு அது கொஞ்சம் மெதுவாகத்தான் திறக்கும்) காரை அசோக் நகரில் என் வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டேன்.

ஸ்டியரிங் பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் 'உய்ங்' என்று சத்தம் வரவேண்டும். வரவில்லை. பம்பு போச்சு. புதுப்பேட்டை உதிரிபாகக் கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்தார்.

"இது பெரிய வண்டியோடது சார். உங்க டப்பால உக்காந்துக்கும், ஆனா தண்ணி பிச்சிகினு வரும். வண்டிய இட்டாந்து உட்டுடேன், நம்ம ஆளு பத்து நிமிஷத்துல மாட்டிக் குடுப்பான்."

"நானே மாட்டிப்பேன்" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். கீபோர்டைத் தவிர எதையும் தட்டியறியாத கை.

பழைய பிளக்கில் புதுப் பம்பு சேரவில்லை. ஒயரை வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று. அதே மூலையில் ஹாரன் ஒயரும் ஓடியது. இரண்டுமே சாயம் போனவை. நிதானமாக யோசித்து, தவறானதைத் தேர்ந்தெடுத்தேன் (அன்று தெரியாது, அன்று நான் எஞ்சினியர்). போர் தண்ணீர் உப்பால் அடைத்திருந்த, பானட் மேல் தண்ணீர் பீச்சும் முனைகளை ஊக்கால் குத்தினேன். குத்தியதில் அவை இடதுபக்கம் திரும்பிக்கொண்டன. தொட்டியில் தண்ணீரோடு பாத்திரம் விளக்கும் லிக்விடையும் தாராளமாக ஊற்றினேன்.

என் மனைவி ஸ்டெல்லாவை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, "இப்ப இழு" என்றேன். ஹாரன் அலறியது; கூடவே தண்ணீரும் பாய்ந்தது. சந்தோஷத்தில் ஹாரனும் அடிக்கிறாள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். உண்மையில் அவள் எதையும் இழுக்கவில்லை. மூன்று மணியாகியும் சாப்பிட வராதவனைக் கூப்பிட ஹாரன் அடித்திருக்கிறாள். இதை அவள் பிறகுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு ஓட்டினேன். ஹாரன் அடிப்பவன் ஒழுக்கமில்லாதவன் என்பது அவர் கட்சி. அதனால் வழியெல்லாம் அதைத் தொடவில்லை. தண்ணீர் வித்தையை, சாவி கைக்கு வரும் நேரத்தில் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

ஃபாதர் எங்கள் காரின் இடதுபக்க முன்மூலையில் வந்து நின்று தீர்த்தம் தெளித்தார். நான் மாமனார் பார்க்கட்டும் என்று மிகுந்த பக்தியோடு தலை குனிந்தேன். நெற்றி நேராக ஹாரனில் போய் உட்கார்ந்தது.

காது கிழிந்தது. மந்திரிக்கும் நேரத்தில் எந்த அறிவுகெட்டவன் ஹாரன் அடிக்கிறான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, இன்னும் ஆழமாகக் குனிந்தேன்.

மாமனார் என் காலரைப் பிடித்துத் தூக்கியபோது, ஃபாதர் தாடியில் எலுமிச்சை வாசனை நுரையோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளை அங்கி தொப்பலாக நனைந்திருந்தது. கார் கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை. எனக்கு மானமே போய்விட்டது.

ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "என் கண்ணாடி பளிச்சுன்னு ஆயிடுச்சு தம்பி. வண்டிக் கண்ணாடிதான் அப்படியே இருக்கு."

மாமனார் சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். கூட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த எட்வினிடம் போய்க் கொடுத்தார்.

இன்றைக்கும் மாமனார் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்ல நான் தலை குனிந்தால் போதும், எனக்கு இடதுபக்கம் இருப்பவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். முதலில் எழுந்திருப்பது ஸ்டெல்லா.