கோவளத்துக் கடலும் டாலிகஞ்ச் தண்ணீரும்

கொல்கத்தாவில் வீடு வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. எத்தனை அறை, எந்தத் திசை, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள்: "ஜொல் ஜொமே?" தண்ணீர் தேங்குமா என்று அர்த்தம். தேங்கினால் கணுக்கால் வரையா, முழங்கால் வரையா, வடிய எவ்வளவு நேரமாகும் என்று இவர்கள் துருவுகிற மாதிரி, கடன் கேட்டு வந்தவனை வங்கிக்காரர்கள்கூடத் துருவ மாட்டார்கள்.

டாலிகஞ்சில் எங்கள் சந்தில் அதற்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கீழே நிற்பதை நாங்கள் தண்ணீர் என்றே சொல்வதில்லை. (ஈரம் என்போம்.) ஆனால் நேர்மையான பதிலைச் சொல்லி யாராவது வீட்டை விற்றிருக்கிறார்களா? வீடு வாங்க விரும்பிய தத்தா பாபு தொலைபேசியில் அதைக் கேட்டபோது நான் சிரித்தேன். "எங்கள் சந்திலா? சேச்சே!"

அந்தச் 'சேச்சே'யில்தான் ஆரம்பித்தது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நான் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனி எனக்கு மாலை போட்டு, ஒரு சால்வை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பியிருந்தது. என் மனைவி கோமதிக்குக் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் இன்னும் சில வருஷம் வேலை பாக்கி. மகள் மீனா கல்லூரியில் கடைசி வருஷம். அவர்கள் இருவரும் காலையில் கிளம்பிப் போனதும் நான் பால்கனியில் நின்று எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பேன். சுவரும் என்னைப் பார்க்கும்.

இந்த நிலைமையில் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனேன். போன இடத்தில் ஒரு சொந்தக்காரர் கோவளத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றைக் காட்ட அழைத்துப் போனார். நேற்றுவரை சவுக்குத் தோப்பாக இருந்த இடத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காபிக் கடை எல்லாம் முளைத்திருந்தன. ஐந்தாவது மாடிப் பால்கனிக் கதவைத் திறந்தார்கள். எதிரே சுவர் இல்லை. கடல் இருந்தது. என் சட்டைக் காலர் படபடவென்று அடித்துக்கொண்டது. என் மூளை அந்தக் காற்றில் பறந்து போனது என்று கோமதி பிற்பாடு சொன்னதை நான் மறுக்கவில்லை.

திரும்பி வந்து வீடியோவைக் காட்டினேன். கோமதி முழுசாகப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, டாலிகஞ்ச் வீட்டை விற்க விளம்பரம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவது குறைந்தது. சாப்பாடு வந்தது, காபி வந்தது, பேச்சு வரவில்லை. "என்ன கோமதி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியே?" என்றால், "நான் என்ன சொல்ல? நீங்கதான் எல்லாம் சொல்லியாச்சே" என்பாள்.

இதற்கிடையில் கோவளத்து விற்பனைப் பையன் தினமும் கூப்பிட்டான். "சார், கடலைப் பார்த்த வீடு இது ஒண்ணுதான் மிச்சம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்களுக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன்." ஏதோ அந்த வீடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப்போகிற கன்றுக்குட்டி மாதிரி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் தத்தா பாபு வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் வானம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. மீனா கைபேசியில் வானிலையைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "அப்பா, ஹெவி ரெயின் காட்டுது. அவங்களை நாளைக்கு வரச் சொல்லிடுங்களேன்."

"நாளைக்கு வரச் சொன்னா ஏன்னு கேப்பாங்கடி. மழைன்னு சொன்னா, மழைக்கும் உங்க வீட்டுக்கும் என்னன்னு கேப்பாங்க."

திட்டம் எளிமையானது. வந்ததும் சுற்றிக் காட்டு, ஒரு காபி கொடு, மழைக்கு முன்னால் வழியனுப்பிவிடு. கோமதி அன்று விடுப்பு எடுத்திருந்தாள். எனக்கு உதவியாகவா, வேடிக்கை பார்க்கவா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

தத்தா பாபு ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். சுவரைத் தட்டினார், கதவைத் தட்டினார், குளியலறைக் குழாயைத் தட்டினார். அவர் மனைவிக்கு முழங்கால் வலி. வடக்குக் கொல்கத்தாவில் அவர்கள் வீட்டில் மாடிப்படி அதிகம், அதனால்தான் முதல் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாறப் பார்க்கிறார்களாம். எங்கள் பேச்செல்லாம் வங்காளியில்தான் நடந்தது. மீனாவுக்கு அதுதான் தமிழைவிடச் சுலபம்.

"எல்லாம் சரி, மோனி பாபு" என்று தத்தா நாற்காலியில் சாய்ந்தார். (என் பெயர் மணி. வங்காளிகள் வாயில் மோனி.) "இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விற்கிறீர்கள்?"

அதைச் சொல்ல வாய் திறந்தேன். ஜன்னல் கம்பியில் டொக்கென்று முதல் சொட்டு விழுந்தது.

"கோமதி! காபி!" என்று அலறினேன்.

"டிகாஷன் எறங்க வேண்டாமா?" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

உலகத்தில் எந்த ஃபில்டரிலும் டிகாஷன் அன்று போல நிதானமாக இறங்கியிருக்காது. எழுந்து போய் ஃபில்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். (தத்தா பாபுவின் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.) கோமதி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். "தட்டினா எறங்காது" என்றாள்.

காபி வந்தபோது மழை கொட்ட ஆரம்பித்திருந்தது. நான் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். "சாரல் அடிக்கும்" என்றேன். இருட்டாகிவிட்டது. விளக்கைப் போட்டேன். பத்து நிமிஷம் எரிந்துவிட்டு மின்சாரம் போனது. இருட்டில் நாங்கள் ஐந்து பேரும் காபி டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் தரையில் விழுகிற மழையின் சத்தம். அப்புறம் தண்ணீரில் விழுகிற மழையின் சத்தம். இந்த வித்தியாசம் டாலிகஞ்சில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். தத்தாவுக்குத் தெரியக் கூடாதே என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று வங்காளியில் அண்ணன் முறை சொல்லிக் கத்தினார். "மோனி தா! உங்க ஸ்கூட்டர் மிதக்குது! எங்க ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல ஏத்தணும், ஒரு கை பிடிங்க!"

தத்தா பாபு எழுந்தார். மெதுவாக ஜன்னலுக்குப் போனார். திரையை விலக்கினார். கீழே எங்கள் சந்து இல்லை. காபி நிறத்தில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நீல வாளி கம்பீரமாக மெயின் ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஈரம்" என்றேன்.

நான் கீழே போய் ஃப்ரிட்ஜைத் தூக்கிவிட்டு, இடுப்புவரை நனைந்து திரும்பி வந்தேன். தத்தா தம்பதிகள் அங்கேயேதான் இருந்தார்கள். இருக்காமல் எப்படிப் போவது? முழங்கால் வலிக்கார அம்மாளைத் தண்ணீரில் இறக்க முடியுமா? நான் ஏமாற்றப் பார்த்த மனிதர், என் வீட்டில், என் நாற்காலியில், மழை விடும்வரை மாட்டிக்கொண்டார். வேட்டி மாற்றிக்கொண்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தேன். மீனா ஏதாவது பேசிச் சமாளிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்க வாய்க்குள் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திருமதி தத்தா மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போனார். கோமதி பொங்கலுக்கு அரிசி பருப்பு களைந்துகொண்டிருந்தாள். மழைச் சத்தத்தையும் மீறி அவர்கள் பேச்சு எனக்குக் கேட்டது.

"உனக்குப் போக இஷ்டமா, மா?"

களைந்த தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் வந்தது. பிறகு கோமதி வங்காளியில் சொன்னாள். "நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள், தீதி. இந்த வீட்டில் இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை."

புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? எழுந்து போய்க் கேட்பான். நான் என்ன செய்தேன்? அவளுக்குக் கடலின் அருமை இன்னும் புரியவில்லை, புரிய வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். நேராகச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆகவே தத்தாவிடம் சொல்கிற சாக்கில், அடுக்களைக்குக் கேட்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"ஏன் விற்கிறேன் என்று கேட்டீர்களே, தத்தா பாபு! சொல்கிறேன்!"

மனிதர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்.

காலையில் கடலிலிருந்து சூரியன் எழுவதைச் சொன்னேன். லிஃப்ட் ஐந்தாவது மாடிக்குத் தண்ணீரில் மீன் போகிற மாதிரிப் போவதைச் சொன்னேன். "ஒரு படி ஏற வேண்டாம்! ஒரே ஒரு படிகூட!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். மணல் தரை, எவ்வளவு மழை பெய்தாலும் உறிஞ்சிக்கொள்ளும் என்றேன். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி என்றேன். காற்று, காற்று, காற்று என்றேன். எழுந்து நின்று, பால்கனியில் காலர் எப்படி அடித்துக்கொண்டது என்று கையால் அடித்துக் காட்டினேன். ஆயுசில் ஒரு பெட்டி தேயிலைகூட அவ்வளவு உருக்கமாக நான் விற்றதில்லை. அப்படி விற்றிருந்தால் கம்பெனி எனக்குச் சால்வை போர்த்தியிருக்காது.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. கேட்கிறாள் என்று எனக்கு உற்சாகம் பொங்கியது.

தத்தாவும் கேட்டார். முதலில் வேண்டாவெறுப்பாக. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. "ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பெங்களூர் அங்கிருந்து பக்கமா? எங்கள் மகன் அங்கேதான் இருக்கிறான்" என்றார். வீடியோவைக் கேட்டார். இரண்டு முறை பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பார்த்தார்கள். என் பொய்யை மன்னித்துவிட்டார், நல்ல மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் வந்தது. "கிச்சுடி!" என்று அந்த அம்மாள் மலர்ந்தார். மழை நாளில் வங்காளிகளுக்கு அரிசி பருப்புக் கிச்சுடிதான் வேண்டும். மிளகைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். சாயங்காலம் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினார்கள். ஏறும்போது தத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கட்டிடக்காரரின் நம்பரைக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூப்பிடுகிறேன்."

நான் எங்கே போகிறேன் என்று விசாரிக்கத்தான் நம்பர் கேட்கிறார், அரசு அதிகாரி புத்தி என்று கொடுத்தேன். மகிழ்ச்சியோடு கொடுத்தேன். அதைச் சொல்லாமல் விட மனசில்லை.

சனிக்கிழமை முழுக்கக் கைபேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அடித்தது.

"மோனி பாபு! உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? முடித்துவிட்டோம்!"

"என் வீட்டையா?"

"உங்கள் வீட்டையா?" அவர் குரலில் நிஜமான திகைப்பு. "இல்லை இல்லை, கடல் வீட்டை! ஐந்தாவது மாடி! நேற்றே விமானத்தில் இங்கே வந்து சுவரையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டோம். நீங்கள் சொன்ன அதே பால்கனி!"

நான் விற்பனைப் பையனைக் கூப்பிட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். "உங்க பேரைச் சொல்லித்தான் சார் வந்தாங்க. நீங்கதான் உங்களுக்குப் பதிலா அனுப்பியிருக்கீங்கன்னு நினைச்சிட்டேன். ஆள் சேர்த்துவிட்டவங்களுக்குக் கம்பெனில ஒரு பரிசு உண்டு சார், அட்ரஸ் சொல்லுங்க." அடுத்த வாரம் கூரியரில் ஒரு ஹாட் பாக்ஸ் வந்தது.

விஷயத்தைக் கோமதியிடம் சொன்னபோது அவள் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கேட்டாள். மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். தோள் குலுங்கியதே தவிரச் சத்தம் வரவில்லை. சிரிப்புதான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் பார்த்த முதல் சிரிப்பு. மீனாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நானும் கீழே உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "கோமதி, நிஜமாச் சொல்லு. உனக்கு அங்க போக இஷ்டமா இல்லையா?"

அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் அந்தப் பால்கனி பிடிச்சுதான் இருந்துது. என் வேலை முடியட்டும், பொறவு போவோம்னு சொல்லிருப்பேன். அதுவரைக்கும் இதையும் விக்காண்டாம்னு சொல்லிருப்பேன். நீங்க கேட்டிருந்தா."

மாவை வாங்கி நான் பிசைந்தேன்.

இப்போதும் டாலிகஞ்சில்தான் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை கோவளத்துக்கு விருந்தாளியாகப் போகிறோம். தத்தா பாபு பால்கனியில் நின்று எங்களுக்குக் கடலை விளக்குவார். பால்காரரிடம் "நாளைக்கு ரெண்டு பாக்கெட் போடுப்பா" என்று தமிழில் பேசிவிட்டு, நான் பாராட்டும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். லாரித் தண்ணீரையும் துருப்பிடிக்கிற ஜன்னல் கம்பியையும் பற்றி அவர் குறைப்படும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

போன மாதம் மீனாவைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. வேட்டி கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்த என்னை அம்மாவும் பெண்ணும் வழிமறித்தார்கள்.

"ஏங்க, நீங்க வணக்கம் மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள் கோமதி.

"ஆமாப்பா, ப்ளீஸ்" என்றாள் மீனா. "நீங்க பேச ஆரம்பிச்சீங்கன்னா, அவங்க கீழ்வீட்டுப் பொண்ணைப் பாத்து முடிச்சிட்டுப் போயிருவாங்க."