குசினி வாங்கில் போன என் செத்தவீடு

எங்கள் பரம்பரையில் தன் செத்தவீட்டைத் தானே பார்த்தவன் நான் ஒருவன்தான். அதுவும் வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு.

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊரான சுருவிலில் இருந்த பனங்காணியை ஐயா நாலு வீட்டுக் காணிகளாகப் பிரிக்க நினைத்தார். முதல் துண்டு அக்காவின் சீதனம். கிராமச்சங்கம் அனுமதித்தால்தான் கலியாணம் என்று மாப்பிள்ளை பகுதி சொல்லிவிட்டது. பக்கத்துக் காணிக் கந்தையா அண்ணையோ, காணிகளுக்குப் போகும் ஒழுங்கைப் பாதை வளைகிற முடக்கில் ஒடுக்கம் என்று மறுப்புக் கொடுத்துவிட்டார்.

"நாளைக்கு ஒரு செத்தவீடு எண்டால் அந்த முடக்கிலை பாடை திரும்பாது. என்ர வேலியைத்தான் பிரிப்பியள்" என்றார், விசாரிக்க வந்த சங்கத் தலைவரிடம்.

நான் கொழும்பில் அரசாங்கக் கிளறிக்கல் வேலை கிடைத்து லீவில் வந்திருந்தேன். (கிளறிக்கல் எண்டால் அப்ப அரை மந்திரி.) வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "திரும்பும். இப்பவே காட்டுறன்" என்று, குசினியில் நாங்கள் இருந்து சாப்பிடும் நீள வாங்கை இழுத்துவந்து, நானே ஏறிப் படுத்தேன். வெயில் கண்ணைக் கூச, சால்வையால் முகத்தையும் மூடிக்கொண்டேன். (மூளையைப் பாருங்கோ!) சிநேகிதர் நாலு பேர் தூக்கினார்கள்.

முடக்கில் வாங்கு இறுகிவிட்டது. முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது.

பின்னேரம் வருவதாகச் சொன்ன மாப்பிள்ளையின் தாய், அந்த நேரம் பார்த்து இறுப்பிட்டியிலிருந்து வந்து சேர்ந்தார். மூடிய முகத்தைக் கண்டதும் "ஐயோ, என்ர ராசா!" என்று குழறி, சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஒன்றும் அறியாத அம்மா என்னைக் கண்டதும் அவரைவிடப் பெரிதாகக் குழறினார்.

"எனக்கு ஒண்டுமில்லையணை!" என்று துள்ளி எழும்பினேன். வாங்கு சரிந்தது. நானும் கந்தையா அண்ணையின் கிளுவை வேலியும் ஒன்றாகவே விழுந்தோம். (முள்ளு எடுத்த கதை வேண்டாம்.)

சம்பந்தம் பேச வந்த மனிசிக்குப் பிணம் காட்டியிருக்கிறேனே! வாசலில் அக்கா முகம் வெளிறி நின்றாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையை நன்றாகப் பிடித்திருந்தது. எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

கந்தையா அண்ணை மாப்பிள்ளையின் தாயிடம் திரும்பினார். "அக்கா, ஆரெண்டு தெரிஞ்சே அழுதனீங்கள்?"

"தெரியாது தம்பி. ஆரோ பெத்த பிள்ளை எண்டு நினைச்சன்."

கந்தையா அண்ணை, சரிந்து கிடந்த தன் வேலியைக் காலால் ஒதுக்கினார். பாடை திரும்பாது என்று அவர் சொன்னதற்கு என் முதுகே சாட்சி. ஆனாலும் தலைவரிடம், "வேலியை ரண்டு முழம் உள்ளுக்குத் தள்ளி அடைக்கிறன். இப்பிடி ஒரு மனிசி எங்கடை ஒழுங்கைக்கு வந்து போகட்டும்" என்றார்.

மாப்பிள்ளையின் தாய், அன்றிலிருந்து எனக்கு மாமி, கண்ணைத் துடைத்தார். "நல்ல நாளாப் பாருங்கோ. ஆனால் தம்பி, கலியாணத்தண்டு நீர் படுக்கக்கூடாது."

இன்று மாமியும் இல்லை, கந்தையா அண்ணையும் இல்லை. அந்த மத்தியானத்தை நினைத்தால் சிரிப்போடு நெஞ்சும் கனக்கிறது. அக்கா வீட்டுச் சாய்மனைக் கதிரையில் நான் கண்ணயர்ந்தால் போதும், படலையைத் திறந்து வருகிறவர்களுக்கு அவள் உள்ளே இருந்தபடியே சத்தம் போடுகிறாள்:

"நித்திரைதான்! ஒருத்தரும் அழவேண்டாம்!"