குடாநாட்டுச் செய்தி

காலை ஏழரைக்குள் சிவபாதத்துக்குப் பதினொரு அழைப்புகள். பதினொன்றிலும் ஒரே கேள்வி: அடையாள அட்டை மட்டும் போதுமாமே, யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட இனிப் பாஸ் தேவையில்லையாமே?



ரொறன்ரோவில் அந்த நாட்களில் ஒரு நம்பரை அழுத்தினால் மூன்று நிமிடம் தமிழ்ச் செய்தி கேட்கலாம். பார்க்டேலில் அந்தச் சேவையை நடத்தும் விநாயகமூர்த்தியின் வீட்டு மெஷினில் அதை வாசித்துப் பதிபவன் சிவபாதம். பகலில் பிறம்ரனில் வேர்ஹவுஸ் வேலை, பின்னேரம் இந்தத் தொண்டு. அழைப்புகள் வந்ததற்கு முதல் நாள், வளைகுடா அரபு நாடுகள் ஆறும் கூடிக் கதைத்ததை ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்துத் தமிழாக்கினான். 'பெனின்சுலா' என்று வந்தது. யாழ்ப்பாணத்தானுக்கு உலகத்தில் ஒரேயொரு பெனின்சுலாதானே! எங்கள் ஊரைச் சொல்வதுபோலவே குடாநாடு என்று எழுதினான். மூன்று நிமிடத்துக்குள் அடக்க 'அரபு' என்ற சொல்லையும் வெட்டிவிட்டான், மகாபுத்திசாலி.

"குடாநாட்டின் பாதுகாப்புக்குக் கூட்டுப்படை. ஆறு நாடுகளும் ஒத்துழைக்கும். குடாநாட்டு மக்கள் அடையாள அட்டையுடன் தடையின்றிப் போய்வர ஆலோசனை."

வேலைக்குப் போகமுன் ஓடிப்போய்ச் செய்தியின் கடைசியில் ஒரு திருத்தம் சேர்த்துப் பதிந்தான்: குடாநாடு என்றது அரபு நாடுகள் சம்பந்தப்பட்டது. பின்னேரம் வந்து பார்த்தால், அரபு நாடுகள் யாழ்ப்பாணத்துக்குப் படை அனுப்புவதாகச் சனம் கதைக்கிறது. அஜக்ஸிலிருந்து யோசப், அந்தப் படைக்குப் பெற்றோல் இலவசமாக வருமா என்று கேட்டார்.

சிவபாதம் அதன் பின்னால் மூன்றாம் தரமும் பதிந்தான். இந்தச் செய்திக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று குரலைக் கடுமையாக்கி வாசித்தான். அதோடு எல்லாம் முடிந்தது. மறுப்பு அறிக்கை வந்தால் விஷயம் உண்மை என்றுதானே எங்கள் சனம் இத்தனை வருடம் பழகியிருக்கிறது. தியாகலிங்கத்தின் கடையில் ஆட்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்களாம்.

"மறுப்பு வாசிக்கச் சொல்லி ஆர் உம்மை வெருட்டினது?" என்று விநாயகமூர்த்தி மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. நான்தான் பிழையா வாசிச்சனான்."

"சரி, சரி. சொல்லேலாட்டி விடும்."

பிறகு, எடுத்தவர்களின் நம்பர் விழும் மெஷினின் கோல் டிஸ்பிளேயைக் காட்டினார். அதே வீட்டில் கீழ்மாடியில் குடியிருக்கும் ரதி நேற்று முதல் பதினாலு தரம் எடுத்திருந்தாள்.

 ரதியின் தாய் யாழ்ப்பாணத்தில், சாவகச்சேரியில். கனடாவுக்குக் கூப்பிடும் இன்ரவியூ கொழும்பில். பாஸ் கிடைக்காமல் மனுசி இரண்டு தரம் தவறவிட்டுவிட்டாள். மூன்றாவது தரம் வருகிற மாதம், அதையும் விட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். தகரம் மாதிரி ஒரு குரலை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை ஏமாற்றிவிட்டேனே என்று சிவபாதத்துக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. மற்றவர்கள் என்னத்தையும் நம்பட்டும், இவளுக்கு நேரே போய்ச் சொல்லத்தான் வேண்டும். பதிந்தது எல்லாவற்றையும் அழித்தான். அன்றைய வெப்பநிலையை மட்டும் வாசித்துவிட்டுப் படியிறங்கினான்.

ரதி கதவைத் திறந்தபோது ரிசீவர் அவள் காதில் இருந்தது. அதற்குள் அவனுடைய குரல், சைபருக்குக் கீழே ஒன்பது பாகை என்றது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அது எங்கட குடாநாடு இல்லை. அரபு நாடுகளின்ரை. நான் ஒரு விசரன், ஒரு சொல்லை வெட்டிப்போட்டன். அம்மாவுக்குப் பாஸ் கட்டாயம் வேணும்."

ரதி ரிசீவரை மெல்ல வைத்தாள். கண் சிவந்திருந்தது. அவன் ஏச்சுக்குத் தயாராகத் தலையைக் குனிந்தான்.

"நான் குவைத்தில ஏழு வருசம் வீட்டு வேலை செய்தனான் தம்பி, ஆறு நாடு எண்டவுடனேயே அது எங்கட இடம் இல்லை எண்டு விளங்கீட்டுது, அம்மா வரலாம் எண்டு ஒரு ஆள் வாயால சொல்லுறதைக் கேக்கத்தான் திருப்பித் திருப்பி எடுத்தனான், அதை ஏன் அழிச்சனீங்கள்?"