படத்தில் உள்ளபடியே

அடுப்பை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஃபெஸ்டி மல்க்ரோன் முடிவு செய்துவிட்டார். திறந்த கணப்பு, மேலே சங்கிலியில் தொங்கும் பானை, அடியில் புகைகிற, சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டி. அயர்லாந்து என்றால் அதுதான். ஹாலிவுட்டே அப்படித்தான் காட்டியிருக்கிறது.

அந்தப் பழைய படங்கள் என்றால் அவருக்கு உயிர். அதிலும் ஒன்றை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மேயோ மாவட்டத்து இதே கிராமத்தில் எடுத்தார்கள். கதாநாயகி வீடாக அவர் வீட்டு வாசல் வருகிறது. வாசலில் ஒரு முதுகும் வருகிறது. அது ஃபெஸ்டியின் முதுகு. பாஸ்டனிலிருந்து வருகிறவர்களுக்கு அதைத் திருப்பிக் காட்டுவார். அவர்களும் மரியாதையாகப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள்.

மனைவி டிலியாவுக்குக் கண்ணெரிச்சல்தான் மிச்சம். கதவு வைத்த இரும்பு அடுப்பு வேண்டும் என்று பதினோரு வருஷமாகக் கேட்கிறாள். இந்த அக்டோபரில் அவள் பேச்சுக்கு வலு கூடிவிட்டது. வீடு வீடாகச் சுற்றி வரும் பூசை இந்த முறை அவர்கள் வீட்டில். பங்குச் சாமியார் வந்து சமையலறையிலேயே பூசை வைப்பார், பதினாலு வீட்டுச் சனமும் வந்து சாப்பிட்டுப் போகும். பூசை வருகிறது என்றால் எப்பேர்ப்பட்ட கஞ்சனும் வீட்டைப் புதுப்பிப்பான்.

"நம்ம எழுத்தாளருங்க எல்லாம் இந்தப் புகையைப் பத்தி எப்படி உருகி எழுதியிருக்காங்க தெரியுமா?" என்றார் ஃபெஸ்டி.

"எங்க உக்காந்து எழுதினாங்க?"

"பாரிஸ்ல."

"ஏன்னு யோசிச்சியா மனுஷா? அங்க இந்தப் புகை வராது."

ஃபெஸ்டி மசியவில்லை. பூசைத் தேதி சொல்ல வந்த பாதர் லாஃப்டஸ் முன்னாலேயே சத்தியம் செய்தார். சமையலறை படத்தில் உள்ளபடியே இருக்கும், ஓர் ஆணி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. டிலியா சண்டைக்கே வரவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, படத்துல உள்ளபடியே," என்றாள். "சாமி, நீங்கதான் சாட்சி."

அடுத்த ஞாயிறு மத்தியானம் பங்கு மண்டபத்தில் அந்தப் படத்தைப் போட்டார்கள். சாமியாரிடம் சொல்லிப் படத்தை வரவழைத்தது டிலியாதானாம். ஃபெஸ்டி முன்வரிசையில் உட்கார்ந்தார். முதுகு வந்தது, ஊரே கை தட்டியது. பிறகு கதாநாயகி வாசலைத் தாண்டிச் சமையலறைக்குள் போனாள். மூலையில் கன்னங்கரேலென்று, கதவு வைத்த இரும்பு அடுப்பு.

"அது கலிஃபோர்னியால போட்ட செட்டு," என்று முனகினார்.

"படத்துல இருக்கா, இல்லையா?"

நாற்பது தடவை பார்த்த படம். ஒரு தடவைகூட அடுப்பு கண்ணில் படவில்லையே என்று வாய்விட்டே ஆச்சரியப்பட்டார்.

"எப்படிப் படும்? நீ அந்தச் செம்பட்ட முடிக்காரியத்தானே பாத்தே."

அந்த வாரமே அடுப்பு வந்து இறங்கியது. உண்மையைச் சொன்னால் வீடு இவ்வளவு கதகதப்பாக என்றைக்கும் இருந்ததில்லை. புகழ்பெற்ற அந்த முதுகைத் தினமும் அதில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு ஃபெஸ்டி சுகமாகத்தான் இருந்தார். டிலியாவிடம் மட்டும் சொல்லவில்லை.

பூசையும் நன்றாக முடிந்தது. சனம் வயிறாரச் சாப்பிட்டது, சாமியார் மூன்று முட்டை சாப்பிட்டார். ஃபெஸ்டி அடுப்போரம் நாற்காலியை இழுத்துப் போட்டபோது டிலியா சமையலுக்குக் கட்டும் ஏப்ரனை நீட்டினாள்.

"படத்துல இதே மாதிரி அடுப்புப் பக்கத்துல கதாநாயகன் அவளுக்கு என்ன செஞ்சு குடுத்தான், ஞாபகம் இருக்கா?"

ஃபெஸ்டி திருதிருவென்று சாட்சியைப் பார்த்தார்.

"தட்டு கழுவினாம்பா," என்றார் பாதர் லாஃப்டஸ். "சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டுக் கழுவினான்."

பதினாலு வீட்டுத் தட்டு. அன்றைக்கும் ஊர் பார்த்தது அவர் முதுகைத்தான்.