துணை ஒருங்கிணைப்பாளரின் சுகப்பிரசவம்

உலகம் தோன்றிய நாளிலிருந்து கோடானுகோடிப் பெண்கள் கர்ப்பம் தரித்திருக்கிறார்கள். அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் மேலிடத்து உத்தரவின் பேரில், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக ஒன்பதாம் மாதத்தில் நுழைந்த முதல் மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வரலாறு இதைத் தவறவிட்டுவிடுமோ என்ற கவலையில் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கு 'கிராமத் தாய்மார் நல ஆதரவு மையம்' என்று பெயர். அதில் நான் துணை ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைப்பாளர் என்று யாரும் கிடையாது. துணை மட்டும் உண்டு. மையத்திடம் ஒரு வண்டி இருக்கிறது. மலை மேல் இருக்கும் ஊர்களில் வலி எடுத்த பெண்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்காக வாங்கியது. நடுவே கூட்டங்களுக்கு நாற்காலி ஏற்றிப் போகும், இயக்குநரின் மைத்துனரை ரயிலடியில் இறக்கிவிடும், மைக் செட் தூக்கும். ஒரு நாள்கூட அது சும்மா நின்றதில்லை. அரசாங்க வண்டிகளில் இப்படி ஓயாமல் உழைக்கும் வண்டியை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

இருந்தும் மலைப் பெண்கள் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதில்லை. இது ஏன் என்பது எங்களுக்கெல்லாம் புரியாத புதிராகவே இருந்தது. அப்போதுதான் இயக்குநர் வெளிநாட்டுப் பயிற்சி முடித்துத் திரும்பினார். வந்த கையோடு கூட்டம் போட்டார்.

"பிரச்சினை எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன்," என்றார். எல்லோரும் பேனாவைத் திறந்தோம். "நமக்கு உணர்வு போதல."

மலை ஊர் நர்ஸ் எழுந்து நின்றார். கூட்டத்தில் நிஜத்தைப் பேசித் தொலைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு.

"உணர்வு இருக்கட்டும் சார். ரோடு இல்ல. மழை பெஞ்சா பாதி ரோடு பள்ளமா கிடக்கு. அதைச் சரி பண்ணிக் குடுத்தாலே போதும்."

"ரோடு வேற டிபார்ட்மென்ட்டும்மா. உணர்வுதான் நம்ம டிபார்ட்மென்ட்."

"அப்ப வண்டியையாவது எங்க ஊர்லயே நிறுத்தி வைங்க."

"வண்டி அங்க நின்னா இங்க இருக்கறவங்க எதுல போவாங்க?"

நர்ஸ் உட்கார்ந்துவிட்டார். நிர்வாகத் திறமைக்கு முன்னால் யாராலும் நிற்க முடியாது.

"இப்ப வண்டி கிடைக்காதப்ப எதுல வர்றாங்க?" என்று இயக்குநரே கனிவோடு கேட்டார்.

"டிராக்டர்ல சார். கல்லு ஏத்தற டிராக்டர்ல."

"டிராக்டர்னு சொல்லாதீங்க. 'சமூக வளம்'னு சொல்லுங்க. கேக்கறவங்களுக்கு நம்பிக்கை வரும்."

அன்றைக்கே 'உணர்வு நாள்' அறிவிக்கப்பட்டது. அதிகாரிகள் எல்லோரும் மணல் நிரப்பிய துணி வயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு, மலை ரோட்டில் மேலிருந்து கீழே நடந்து வர வேண்டும். அதற்கு 'உணர்வு அங்கி' என்று பெயர். அங்கிகளைத் தைக்கும் வேலையை மலை ஊரிலேயே ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்த ஊரில் தையல் மிஷின் இருந்தது ஒரே ஒருத்தியிடம். அவளும் நிறைமாதமாக இருந்தாள். இப்படி ஒரு பொருத்தம் தேடினாலும் அமையாது.

நான் நேரில் போனேன். ஜன்னலோரம் மிஷின் போட்டிருந்தாள். வயிறு இடித்ததால் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, கையை எட்டி நீட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அளவு சார் வேணும்?"

"ஒன்பது மாச அளவு."

அவள் இஞ்ச் டேப்பை எடுத்துத் தன் வயிற்றையே சுற்றி அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் இதே அளவா?"

"இயக்குநருக்கு மட்டும் மூணு மாசம் போதும். அவருக்கு முதுகு வலி."

"மூணு மாசத்துல வயிறே தெரியாதே சார்."

"அவருக்குத்தான் ஏற்கெனவே இருக்கே. அதையே கணக்குல சேத்துக்கலாம்."

மாமியார் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நிபந்தனைகளைச் சொன்னேன். அங்கியை மாட்டியதும் பின்பக்கப் பட்டையை ஊசி நூலால் தைத்து மூடிவிட வேண்டும். நடு வழியில் யாரும் கழற்றி ஏமாற்றக் கூடாது. துணியில் கத்தரியும் படக் கூடாது. அது துறையின் உடைமை.

"அப்ப எப்படி சார் கழட்டறது?"

"சாயங்காலம் நீயே வந்து தையலைப் பிரிச்சு விட்டுடும்மா."

"சரி சார், வந்து பிரிச்சு விடறேன்," என்றவள் கொஞ்சம் தயங்கினாள். "சார், ஒண்ணு கேக்கணும். போன தடவை வண்டி வரல. டிராக்டர்ல பாதி தூரம் போறதுக்குள்ளயே பொறந்துடுச்சு. பொண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள போயிடுச்சு. இந்தத் தடவையாவது வண்டி வந்துடுமில்ல?"

"நான் இருக்கேன்ல," என்றேன். "வலி எடுத்ததும் நர்ஸ்கிட்ட சொல்லு. வண்டி உன் வாசல்ல வந்து நிக்கும். இது என் வாக்கு."

மாமியார் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஏற்றுக்கொண்டேன்.

உணர்வு நாளும் வந்தது. நாங்கள் எல்லோரும் அந்த வண்டியிலேயே மேலே போய் இறங்கி, அவள் வீட்டு வாசலில் வரிசையில் நின்றோம். ஒவ்வொருவராக அவளுக்கு முதுகைக் காட்ட, பட்டைகளைத் தைத்து மூடினாள். கடைசி முதுகு என்னுடையது.

"கொஞ்சம் இறுக்கித் தைக்கறேன் சார். வயிறு தொங்கினா நடக்கறப்ப முதுகு போயிடும்."

சொல்லிக்கொண்டே வந்தவளின் ஊசி சட்டென்று நின்றது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். காலையிலேர்ந்து லேசா இழுக்குது."

"எனக்கும் இப்ப லேசா இழுக்குது," என்றேன் நான். அங்கியைக் கட்டிய மறு நிமிஷமே இப்படி உணர்வு வந்துவிட்டதே என்று இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார்.

நர்ஸ் குறுக்கே வந்தார். "சார், இவளுக்கு இன்னைக்கே ஆயிடும் போலிருக்கு. வண்டி இங்கயே நிக்கட்டும்."

"வண்டி நம்ம பின்னாடியே வரணும்மா. தண்ணி, மைக் எல்லாம் அதுலதான் இருக்கு. வெளிநாட்டுக்கா போறோம்? போன் பண்ணுங்க, திரும்பி வந்துடும்."

நடக்க ஆரம்பித்தோம். தாய்மை எவ்வளவு புனிதமானது என்பது முதல் வளைவிலேயே எனக்குப் புரிந்தது. இரண்டாவது வளைவில் மூச்சு வாங்கியது. அடுத்த வளைவில் ஒரு பள்ளத்தில் கால் இடறியது. முதுகில் ஏதோ பிடித்துக்கொள்ள, மல்லாந்து விழுந்தேன். வயிறு வானத்தைப் பார்த்தது. நான்கு பேர் தூக்கியும் எழுந்திருக்க முடியவில்லை.

அதே நேரத்தில் டிரைவரின் போன் அடித்தது. மறுமுனையில் நர்ஸ். பனிக்குடம் உடைந்துவிட்டது, வண்டியை உடனே அனுப்பு என்று கத்துவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சார், மேல போய் அந்தம்மாவை ஏத்திக்கிட்டு, வர்ற வழியில சாரையும் ஏத்திக்கறேன்," என்றான் டிரைவர். நிர்வாக அறிவு இல்லாதவன்.

"அது சரிப்படாது," என்றார் இயக்குநர். "ஒரு வண்டியில ஒரு தாய்தான். வழிகாட்டு நெறியிலயே இருக்கு. அவங்களுக்கு 'சமூக வளம்' இருக்கு. பாவம், இவருக்கு யார் இருக்கா?"

நான் எவ்வளவோ மறுத்தேன். படுத்துக்கொண்டே மறுத்ததால் அது முனகல் மாதிரி கேட்டதோ என்னவோ, இன்னும் அவசரமாக என்னை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எங்கள் வண்டி அவ்வளவு வேகமானது என்று அதுவரை யாருக்குமே தெரியாது.

ஆண்கள் வார்டில் கட்டில் காலி இல்லை. என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பிரசவ வார்டில் ஒன்று கொடுத்தார்கள். டாக்டரம்மா வந்து என் முதுகை அழுத்திப் பார்த்தார்.

"சுளுக்கு," என்றார். "முதல்ல இந்த மூட்டையைக் கழட்டுங்க."

"கத்தரி படக் கூடாது டாக்டர். துறையோட உடைமை."

"அப்ப சுமந்துகிட்டே கிடங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது. என் கட்டிலுக்கு நேரே ஜன்னல். அவள் புருஷன்தான் ஓட்டி வந்தான். கல் ஏற்றும் பெட்டியில் மெத்தையை விரித்து அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். மாமியார் அவள் தலையைப் பிடித்திருந்தார். நர்ஸ் முழங்காலிட்டு அவள் காலடியில் இருந்தார். டாக்டரம்மா ஓடினார். ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டுவதற்குள் குழந்தை டிராக்டரிலேயே பிறந்துவிட்டது.

ஆனால் அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

"அழுடா கண்ணு, அழுடா," என்று நர்ஸ் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவள் புருஷன் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இதை நான் அலுவலக முறையில் சொல்லவில்லை. நிஜமாகவே பயமாக இருந்தது.

அப்புறம் ஒரு கீச்சுக் குரல் கேட்டது. அது வலுத்தது. வீல் வீலென்று கத்தியது. மாமியார் டிராக்டரில் உட்கார்ந்தபடியே உடைந்து அழுதார். நானும் அழுதேன். என் வயிற்று மணலில்தான் ஒரு அசைவும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில்தான் அவளைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். நன்றாகத் தூங்கி எழுந்தாள். சாயங்காலம் மாமியாரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, தன் பையிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"திரும்புங்க சார்."

"இப்ப எதுக்கும்மா? ரெஸ்ட் எடு."

"சாயங்காலம் வந்து பிரிச்சு விடறேன்னு சொன்னேன்ல. சொன்னா செய்யணும் சார்."

படுத்தவாக்கிலேயே ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். மூட்டை கட்டிலில் சரிந்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. தாய்மை அடைந்தவர்களுக்குத்தான் அது புரியும்.

என்னுடைய சுளுக்கும் அவளுடைய உடம்பும் ஒரே நாளில் தேறின. இருவரையும் ஒன்றாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் இயக்குநர், பக்கத்தில் போட்டோக்காரர், அவர்களுக்குப் பின்னால் எங்கள் வண்டி. இயக்குநர் என் கையில் 'தாய்-சேய்ப் பெட்டி'யைக் கொடுத்தார். உள்ளே குழந்தைக்குச் சட்டை, குல்லா, துண்டு, சோப்பு எல்லாம் இருந்தன.

"சார், இது அந்தம்மாவுக்குச் சேர வேண்டியதில்லையா?" என்று கேட்டேன். எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது.

"வண்டியில வர்ற தாய்க்குத்தான் பெட்டி. அவங்க வண்டியில வரலையே. வந்தவங்களைத்தான் வண்டி திருப்பிக் கொண்டுபோய் விடணும். கணக்கு ஒத்து வரணுமில்ல?"

நெறி தவறாத மனிதர். போட்டோவுக்கு நான் பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

என் வீடு மலை அடிவாரத்தில், அதே ரோட்டில்தான். பாதி வழியில் முன்னால் டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. குலுங்கக் கூடாது என்று அவள் புருஷன் அதை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான். மாமியார் குடை பிடித்திருந்தார். குடைக்குள் அவளும் குழந்தையும் இருந்தார்கள். நல்ல ரோடு ஒரு வண்டி போகும் அகலம்தான், ஓரமெல்லாம் பள்ளம். டிரைவர் சைரனைப் போட்டான். தாய் உள்ளே இருக்கும்போது சைரன் போட்டே ஆக வேண்டும்.

அவளையும் ஏற்றிக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. வாய் வரை வந்தது. ஆனால் ஒரு வண்டியில் ஒரு தாய்தான். துணை ஒருங்கிணைப்பாளரே நெறியை மீறினால் ஊர் உலகம் என்ன ஆகும்? ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லலாம் என்று கண்ணாடியை இறக்கினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் குரல் கொடுத்தாள்.

"இன்னும் நல்லா ஓரமா ஒதுக்குங்க. சார் பச்ச உடம்புக்காரர், குலுங்கினா தாங்க மாட்டார்."

டிராக்டர் தடாலென்று பள்ளத்தில் இறங்கியது. குழந்தை வீறிட்டது. எங்கள் வண்டி கொஞ்சம்கூடக் குலுங்கவில்லை.